பெட்டியடி: பழைய பெட்டிகள் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் போகிற போக்கில் "என் வீட்டில் 41 பழைய பெட்டிகள் இருக்கின்றன" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. ஊறுகாய், மாமியார், முட்டிவலி என்று வழக்கமாக வரும் கேள்விகளை ஆசிரியர் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, "இந்தத் தடவை பெட்டியையே எழுதிவிடுங்கள்" என்றார்.

முதலில் ஒன்று. நான் பழம்பொருள் வியாபாரி இல்லை. விலை மதிப்பிட்டுச் சொல்லத் தெரியாது, கேட்காதீர்கள். மதுரையில் முப்பது வருடம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவள். அப்பா தெற்காவணி மூல வீதியில் ஒரு நகைக்கடையில் கணக்கு எழுதினார். அவருடைய கைப்பெட்டிதான் என் முதல் பெட்டி. மற்ற நாற்பதும் அதற்குத் துணைக்கு வந்தவை. செட்டியார் கடைகளில் பணப்பெட்டிக்குப் பக்கத்து இடத்தைப் பெட்டியடி என்பார்கள். வேலை பழக வருகிற பையன் முதலில் உட்காருகிற இடம் அது. நானும் இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் அப்பத்தாவின் பர்மா வெற்றிலைப் பெட்டி என் பங்குக்கு வந்திருக்கிறது. சிவப்பு நிறம், உருளை வடிவம், மேலெல்லாம் பொடிப்பொடியாகக் கோட்டுச் சித்திரம். மங்கிக் கிடக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவித் தேங்காயெண்ணெய் தடவலாமா? தீபாவளிக்கு அதில் பலகாரம் வைத்துக் கொடுக்க ஆசை. (வாசகி, தேவகோட்டை)

கழுவாதீர்கள். எண்ணெயும் வேண்டாம். இந்த இதழ் கைக்கு வருவதற்குள் கழுவியிருக்க மாட்டீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

உங்களிடம் இருப்பது மரப்பெட்டியே இல்லை. விளிம்பில் எங்காவது பூச்சு உதிர்ந்திருந்தால் உற்றுப் பாருங்கள், மூங்கில் சிம்பு தெரியும். பர்மாவில், முக்கியமாகப் பகான் ஊரில், மூங்கிலை நார்நாராகச் சீவிக் கூடு பின்னி, அதன்மேல் தித்சி என்கிற மரத்தின் பாலைப் பூசுவார்கள். அந்தப் பால் வெயிலில் இறுகாது. ஈரக்காற்றுள்ள நிலவறையில் வைத்தால்தான் இறுகும். பூசுவது, இறுக விடுவது, தேய்ப்பது, மறுபடி பூசுவது என்று ஒரு நல்ல பெட்டி முடிய மாதக்கணக்கில் ஆகும். அப்புறம் இரும்பு ஊசியால் கீறி, கீறலுக்குள் வண்ணத்தைத் தேய்த்து நிரப்பி, மிச்சத்தைத் துடைத்தெடுத்தால் நீங்கள் சொல்லும் கோட்டுச் சித்திரம். உயர்ந்த ரகக் கிண்ணங்களில் மூங்கிலோடு குதிரைமயிரும் சேர்த்துப் பின்னியிருக்கும். இரண்டு பக்கமும் அழுத்தினால் வாய் வளைந்து கொடுக்கும். (அழுத்திப் பார்க்க வேண்டாம், சும்மா சொன்னேன்.)

கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்ய, பர்மாவுக்குப் போன செட்டியார்கள் இதையெல்லாம் மூட்டை மூட்டையாக ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதனால்தான் பர்மாவையே பார்த்திராத ஆச்சிமார் வீட்டு அலமாரிகளில் பர்மாப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது.

இனி என் கதை. 1994-ல் இதே மாதிரி ஒன்று வாங்கினேன், கொஞ்சம் சின்னது. பிசுக்குப் போகட்டும் என்று சீயக்காய்த் தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறப்போட்டுத் தேய்த்து, மொட்டை மாடியில் காயவைத்தேன். மதியம் சோறு சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பார்த்தால், ஒரு பக்கத்துச் சிவப்பு அப்பளம் மாதிரி பொங்கி எழுந்திருந்தது. விரல் பட்டதும் சில்லாக விழுந்தது. உள்ளே தண்ணீர் குடித்த மூங்கில் உப்பி, வெயிலில் சுருங்கியபோது மேல்பூச்சு கூடவே சுருங்க முடியாமல் பெயர்ந்துவிட்டது. அந்தச் சில்லுகளை ஒரு கவரில் போட்டு இன்னும் வைத்திருக்கிறேன். என்றாவது ஒட்டுவேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பழைய மல்வேட்டித் துணியால் உலரத் துடையுங்கள். பிசுக்குப் போகாத இடத்தில் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து ஒரு தடவை ஒற்றி, உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். ஏ.சி. காற்று நேரே அடிக்கிற இடத்தில் வைக்க வேண்டாம். ஜன்னல் வெயிலும் கூடாது. மூடியைத் திருகாதீர்கள், நேரே மேலே தூக்குங்கள். நல்ல பெட்டி என்றால் மூடும்போது கையை விட்டுப் பாருங்கள்: உள்ளே அடைபட்ட காற்று மெதுவாக வெளியேற வெளியேற, மூடி தானாக இறங்கும். என்னிடம் உள்ள ஒன்று அடிவரை இறங்க ஏழெட்டு எண்ணலாம். வருகிற குழந்தைகளுக்கெல்லாம் அதுதான் வேடிக்கை.

பலகாரம் வேண்டாம். பழைய பர்மாப் பெட்டிகளின் சிவப்புக்குச் சாதிலிங்கமும் மஞ்சளுக்கு அரிதாரமும் சேர்ப்பார்கள். ஒன்றில் பாதரசம், மற்றதில் ஆர்சனிக். அப்பத்தா அதில் வெற்றிலை வைத்துத் தொண்ணூறு வயசு இருந்தார் என்று சொல்வீர்கள். இருந்திருப்பார். அப்போது பூச்சு உதிராமல் இருந்தது. இப்போது உதிர்கிறது, முறுக்கில் ஒட்டும். ஆசைக்கு வேண்டுமானால் உள்ளே ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை இறக்கி, அதில் பேப்பர் சுற்றிய கடலைமிட்டாய் வையுங்கள். உள்தட்டுகள் இரண்டும் பத்திரமாக இருந்தால் தனியே எடுத்து வைத்துவிடாதீர்கள். தட்டு இல்லாத பெட்டிகளைத்தான் எங்கும் பார்க்கிறேன்.

ஒரு சுற்றுலா ஊரில், கூரை போன்ற மூடியும் பித்தளைப் பட்டைகளும் உள்ள ஈட்டிமரப் பெட்டி ஒன்றை 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். 200 வருடப் பழசு, அரண்மனைச் சாமான் என்றார் கடைக்காரர். படம் அனுப்பியிருக்கிறேன். நிஜமா? (வாசகர், சென்னை)

தம்பி, எந்தப் பெட்டி கேட்டாலும் அரண்மனைதான் சொல்வார்கள். இவ்வளவு பெட்டி இருந்திருந்தால் ராஜாக்கள் படுக்க இடம் இருந்திருக்காது.

நீங்கள் வாங்கிய வடிவத்துக்கு நெட்டூர்ப் பெட்டி என்று பெயர். மலபாரில் தலச்சேரிக்குப் பக்கத்து நெட்டூரை வைத்து வந்த பெயர். கோயில் கூரை மாதிரி நாலு பக்கமும் சரிந்த மூடி, மூலைக்கு மூலை பித்தளை. நகை வைத்த பெட்டி. பார்க்க அவ்வளவு லட்சணமாக இருப்பதால் இன்றைக்கும் புதிதாகச் செய்கிறார்கள். புதிதைப் புதிது என்று விற்றால் தப்பே இல்லை.

பெட்டியின் முகத்தைப் பார்த்து வயசு கண்டுபிடிக்க முடியாது. கவிழ்த்து அடியைப் பாருங்கள். பழசாக இருந்தால் அடிப்பலகை பாலிஷ் காணாமல் சாம்பல் பூத்திருக்கும், இழைப்புளி ஓடின மேடுபள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். உங்கள் படத்தில் அடி, உள், வெளி மூன்றும் ஒரே பழுப்பு. யாரோ ஒரே டப்பாவிலிருந்து பூசியிருக்கிறார்கள். அப்புறம் தேய்மானம். கை படும் இடத்தில் மட்டும் மரம் வழுவழுப்பாக இருக்க வேண்டும்: மூடியைத் தூக்கக் கட்டைவிரல் வைக்கிற இடம், கைப்பிடிக்கு அடியில், கொண்டி வந்து அடிக்கிற இடம். எல்லாப் பக்கமும் சமமாகத் தேய்ந்திருந்தால் அது உப்புத்தாள் வேலை. மரம் குறுக்குவாக்கில்தான் சுருங்கும். அதனால் நூறு வருடப் பெட்டியில் எங்காவது ஒரு பலகையில் நெடுக ஒரு கோடு விட்டிருக்கும். எல்லாம் கச்சிதமாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

கடைசியாக, நீங்களே படமெடுத்து அனுப்பிய கீல். அதில் நாலு ஸ்டார் ஸ்குரூ. பிளஸ் குறி போட்ட அந்த ஸ்குரூ அமெரிக்காவில் 1930-களில் வந்தது. கீல் உடைந்து பிறகு மாற்றியிருக்கலாமே என்று கடைக்காரர் சொல்வார். சொல்லட்டும். அப்படியானால் புதுக் கீலைச் சுற்றிப் பழைய கீலின் நிழல் மரத்தில் விழுந்திருக்கும், பழைய துளைகள் அடைத்த அடையாளம் இருக்கும். உங்கள் படத்தில் நிழலும் இல்லை, துளையும் இல்லை.

ஆனால் மரம் நல்ல மரமாகத் தெரிகிறது. 200 வருடம் என்பதை மறந்துவிட்டு உபயோகியுங்கள், உங்கள் பேரனுக்குப் பழசாகிவிடும். அடுத்த தடவை வாங்கப் போகுமுன் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு நாள் சுற்றிவிட்டு வாருங்கள். வாங்க வேண்டாம். ஐம்பது பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் ஐம்பத்தோராவதில் கை தானாகப் பேசும். நான் பையில் ஒரு சின்ன டார்ச்சும் காந்தமும் கொண்டுபோவேன். "பித்தளை" என்கிற பட்டையில் காந்தம் ஒட்டினால் அது முலாம் பூசின இரும்பு.

பலாமரப் பெட்டிக்கு அடியில் தினமும் மாவு மாதிரி தூள் விழுகிறது. மண்ணெண்ணெய் ஊற்றலாமா? (வாசகி, கோவை)

மரவண்டு. முதலில் அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். தூளைத் துடைத்துவிட்டுப் பெட்டியைக் கறுப்புத்தாள் மேல் ஒரு வாரம் ஆட்டாமல் வையுங்கள். புதுத்தூள் விழுந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. பெரும்பாலும் பலாவில் இருக்காது, அடிப்பலகைக்கு யாராவது மலிவாக மாமரம் போட்டிருப்பார்கள், அதில்தான் இருக்கும்.

மண்ணெண்ணெய் வேண்டாம். வாசனை வருடக்கணக்கில் போகாது, மரமும் கறுத்துப்போகும், நெருப்புப் பயம் வேறு. சித்திரம், அரக்குப் பூச்சு, பதிப்பு வேலை எதுவும் இல்லாத வெறும் மரப்பெட்டி, ஃப்ரீசரில் நுழைகிற அளவு என்றால் நான் செய்வது இது: பருத்தித் துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் காற்றில்லாமல் கட்டி, இரண்டு வாரம் ஃப்ரீசரில். வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரிக்கு அத்தனை நாள் தேவை. வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்காதீர்கள், இல்லாவிட்டால் மரத்தின் மேல் வேர்த்துவிடும். என் வீட்டில் இட்லிமாவுக்கு இடம் இல்லாமல் போனதும் ஒரு சண்டை வந்தது. அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு துளைகளைத் தேன்மெழுகால் அடைத்துவிடுங்கள். அழகுக்காக இல்லை. புதுத்துளை விழுந்தால் உடனே தெரியுமே, அதற்காக.

பித்தளை மூலைகளைப் புளி போட்டுத் தேய்க்கலாமா? (வாசகி, கும்பகோணம்)

குத்துவிளக்குக்குச் செய்யுங்கள். பெட்டியில் வேண்டாம். புளித்தண்ணீர் பட்டைக்கு அடியில் இறங்கி, மரத்தைக் கறுக்கவைத்து, ஆறே மாதத்தில் பச்சைக் களிம்பாக வெளியே வரும். உலர்ந்த துணி போதும். மங்கலாகவே இருக்கட்டும், பளபளக்கிற மூலையும் பழைய மரமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பொய்ப்பல் கட்டின மாதிரி இருக்கிறது.

மகன் அமெரிக்காவில் வீடு வாங்கியிருக்கிறான். தாத்தாவின் சந்தனப்பெட்டியை அவனுக்கு அனுப்ப நினைக்கிறேன். மூடியில் வெள்ளையாக ஏதோ பதித்திருக்கிறது. (வாசகர், திருச்சி)

ஐயா, அவசரப்பட்டு விமானத்தில் ஏற்றிவிடாதீர்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள் 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி நாட்டை விட்டுப் போகக் கூடாது. சொந்தத் தாத்தாவின் பெட்டி என்பதால் விலக்கு இல்லை. அவ்வளவு வயசு இல்லை என்று நீங்கள் நினைத்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் இல்லை என்று சான்று வாங்கிக்கொண்டு அனுப்பலாம்.

அதைவிட என்னை உறுத்துவது அந்த வெள்ளை. எலும்பாக இருக்கலாம், தந்தமாகவும் இருக்கலாம். பூதக்கண்ணாடியில் பொடிப்பொடிக் கறுப்புப் புள்ளிகளோ சிறு கோடுகளோ தெரிந்தால் அநேகமாக எலும்பு. ஒன்றுக்கொன்று குறுக்கே போகிற மெல்லிய வளைகோடுகள் தெரிந்தால் தந்தம். தந்தம் என்றால் விற்பதும் வாங்குவதும் இங்கே குற்றம், அமெரிக்கச் சுங்கத்திலும் விடமாட்டார்கள். உங்கள் மாவட்ட வன அலுவலகத்தில் விசாரியுங்கள். மகனுக்கு இப்போதைக்குப் பெட்டியின் படத்தை அனுப்புங்கள். லீவுக்கு வரும்போது திறந்து பார்க்கட்டும்.

அம்மாவின் பெட்டி பூட்டிக் கிடக்கிறது, சாவி இல்லை. ஆசாரியைக் கூப்பிட்டு உடைத்துவிடட்டுமா? (வாசகர், திருநெல்வேலி)

உடைக்காதீங்க அண்ணாச்சி. உடைத்தால் பூட்டு மட்டும் போகாது, பூட்டைச் சுற்றி ஒரு சாண் பலகையும் பெயர்ந்துவரும்.

அப்பா 1987-ல் காலமானபோது அவருடைய கைப்பெட்டியும் இப்படித்தான் பூட்டிக் கிடந்தது. தேக்கு, ஒன்றேகால் அடி நீளம், மூடி சாய்வாக இருக்கும். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதன் மேலேயே நோட்டை வைத்து எழுதுவார். உள்ளே பணம் இருக்கும் என்று சித்தப்பா சொன்னார். பத்திரம் இருக்கும் என்று அத்தை சொன்னார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. திண்டுக்கல்லில் பூட்டு செய்கிற வயசான ஒருவரிடம் பஸ்ஸில் மடியில் வைத்து எடுத்துப் போனேன். அவர் சாவித்துளையில் ஊதினார், தூசி வந்தது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டு, "டீ குடிச்சுட்டு வாங்கம்மா" என்றார். வந்தபோது வளைத்த கம்பி ஒன்றால் நெம்பாமல், மெதுவாக, காது குடைகிற மாதிரி திருப்பிக்கொண்டிருந்தார். டக் என்று ஒரு சத்தம். மூடியை அவர் திறக்கவில்லை. பெட்டியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

உள்ளே இரண்டு பேனா நிப்பு, காய்ந்துபோன மைக்கூடு, ஒரு பித்தளைச் சிமிழ் நிறையக் குன்றிமணி. நகைக்கடையில் ஒரு காலத்தில் அதை வைத்துத்தான் பொன் நிறுத்தார்கள். மூடியின் உட்பக்கம் பென்சிலால் எங்கள் நாலு பேருடைய பிறந்த நேரம், நட்சத்திரத்தோடு. எனக்கு மட்டும் நட்சத்திரத்தை அடித்துத் திருத்தியிருந்தது. அதுவரை திருவோணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவிட்டமாம்.

அதனால் உங்கள் ஊரிலும் பூட்டு ரிப்பேர் செய்கிற பெரியவர் யாராவது இருப்பார், தேடிப் பிடியுங்கள். பெட்டியை நீங்களே எடுத்துப் போங்கள், கூடவே உட்காருங்கள்.

பழைய இங்கிலீஷ் பிஸ்கட் டின்கள் மூன்று இருக்கின்றன. படம் எல்லாம் அழகாக இருக்கிறது. மதிப்பு உண்டா? (வாசகி, புதுச்சேரி)

ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் என்று போட்டிருந்தால் இங்கிலாந்தில் ரெடிங் என்ற ஊரிலிருந்து வந்தது. 1822-ல் தொடங்கிய கம்பெனி, வெள்ளைக்காரன் போன இடமெல்லாம் அவர்கள் டின்னும் போனது. தண்ணீர் காட்டாதீர்கள், தகரம் துருப்பிடித்தால் படத்தோடு சேர்ந்து உரியும். மற்றபடி பிஸ்கட் டின்னுக்கு நம் வீடுகளில் காலகாலமாக ஒரே வேலைதானே? ஊசி, நூல், பட்டன். அதையே தொடருங்கள்.

பெட்டி என்றால் எனக்கு உயிர். ஆனால் இரண்டு படுக்கையறை ஃபிளாட். "தூசி அடைகிற சாமானுக்கு வாடகை கொடுக்கிறோம்" என்கிறார் கணவர். (வாசகி, வேளச்சேரி)

அவர் சொல்வதில் பாதி நிஜம். வரிசையாக அடுக்கிப் பார்வைக்கு வைத்த பெட்டி தூசிதான் வாங்கும். அதோடு திறக்காத பெட்டிக்குக் கீல் இறுகும், உள்ளே புழுங்கல் வாசனை வரும், பூச்சியும் நிம்மதியாகக் குடித்தனம் நடத்தும். ஆகவே என் வீட்டில் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: வேலை இல்லாத பெட்டிக்கு இடம் இல்லை.

வாசலில் ஒரு மரவைச் சம்புடம், சாவிகளுக்கு. அடுப்படியில் பாட்டியின் மர அஞ்சறைப் பெட்டி. அதில் இப்போது சமையல் சாமான் வைப்பதில்லை, ரப்பர் பேண்டு, தீப்பெட்டி, காஸ் ரசீது. மடக்குப் பல்லாங்குழி தானே ஒரு பெட்டிதான், மூடினால் மீன் வடிவம். அதில் சோழியோடு டி.வி. ரிமோட்டின் பேட்டரிகளும் இருக்கின்றன. சாய்வுமூடி உள்ள அப்பாவின் கைப்பெட்டிமேல்தான் இந்தப் பதில்களை எழுதிக்கொண்டிருக்கிறேன். பெரிய தேக்குப்பெட்டி ஒன்று கட்டிலுக்கு அடியில், அடியில் செங்கல் கொடுத்து நாலு விரல் உயர்த்தி வைத்திருக்கிறேன், தரை ஈரம் ஏறாது. அதற்குள் போர்வை, போர்வைக்கு நடுவே வசம்பு. பாச்சா உருண்டை போடுவதில்லை, அந்த வாசனை மரத்தில் ஏறினால் இறங்காது.

ஃபிளாட்டில் மூன்று போதும். அதில் ஒன்றை அவருக்குக் கொடுத்துவிடுங்கள். மூக்குக்கண்ணாடி, பேனா, ஆதார் அட்டை, மாத்திரை எல்லாம் அதில் போடச் சொல்லுங்கள். என் வீட்டுக்காரருக்கு ஒரு ஈட்டிமரப் பெட்டியை அப்படித்தான் ஒதுக்கினேன். இப்போது நான் அதைத் துடைக்க எடுத்தாலே, "என் பெட்டியை எங்கே கொண்டுபோறே?" என்கிறார்.